சின்னச் சக்கரமும் பெரிய பிரேக்கும்

ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு வண்டி கிடைத்தால் போதும், அது என்ன வண்டி என்று பார்க்க முடியாது. செங்கல் லாரி, வைக்கோல் லாரி, மாடு ஏற்றிய லாரி எல்லாவற்றிலும் போயிருக்கிறேன். ஆனாலும் ஏறுமுன் முன்சக்கரத்து நட்டுகளைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவேன். டிரைவர்கள் சிரிப்பார்கள். இந்தப் பழக்கம் நார்த்தாமலையில் வந்தது, நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம்.

அம்மா காலராவில் போய்விட்டாள். கொழும்புக்குப் போன அப்பா அங்கேயே தங்கிவிட்டார். அதனால் அம்மாவின் தம்பி வீட்டில் இருந்தேன். மாமாவுக்குக் கல் குவாரியில் மெக்கானிக் வேலை. அவருக்கு என் வயதில் ஒரே மகன், எனக்கு மச்சான். அந்த வீட்டில் என்னை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அவித்த முட்டையை நூலால் அறுக்கும்போது பெரிய பாதி மச்சானுக்குப் போகும், அவ்வளவுதான்.

குவாரியில் ஒரு பட்டாளத்து ஜீப் இருந்தது. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் எந்தப் பாறையிலும் ஏறிவிடும். இறங்குவதுதான் பாடு. கல்லோடு இறங்கும்போது பிரேக் போதவில்லை என்று மாமா ஒரு பழைய லாரியின் பெரிய பிரேக் டிரம்களை அதில் மாட்டினார். கொஞ்ச நாளில் டயர்கள் தேய்ந்தன. அந்த அளவில் டயர் கிடைக்காமல், முதலாளி ஏதோ காரில் கழற்றிய சக்கரங்களை வாங்கிவந்து மலைமேல் கொட்டகையில் போட்டார். அவை ஒரு சுற்றுச் சின்னவை. டிரம்மின் மேல் உட்காராமல் உள்பக்கம் இடித்தன.

மாமா டிரம்மின் விளிம்பை அரத்தால் ராவினார். அப்படியும் இடித்தது. கடைசியில் நடுவே தடித்த இரும்பு வளையம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டினார். இப்போது இடிக்கவில்லை. ஆனால் வளையம் தின்றது போக, நட்டு பிடிக்க போல்ட்டில் மிஞ்சிய மரை கொஞ்சம்தான்.

நானும் மச்சானும் சோற்று வாளியோடு போயிருந்த நேரத்தில் முதலாளி வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"நிக்குமாப்பா?"

"நிக்குங்க."

"போன வாரம்தான் குவாரியில ஒருத்தன் கால் போச்சு. நிக்கலேன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்." எங்கள் பக்கம் திரும்பினார். "இதுல ஒம் புள்ளை எது? அவனை முன்னால ஒக்கார வச்சு ஒரு தடவை எறக்கிக் காட்டு. அப்பறம் நான் ஏறுறேன்."

மாமா கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இங்கிட்டு வாடா மகனே" என்றார். "இவந்தாங்க எம் புள்ளை."

அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மச்சான் விடவில்லை. "நாந்தாப்பா ஒங்க மகன், நான் ஒக்காருறேன்" என்று ஓடிவந்தான். மாமா அவனை ஓங்கி ஓர் அறை அறைந்தார். எனக்காக அவனை அடித்துவிட்டார் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த ஜீப்பில் ஸ்டியரிங் இடதுபக்கம். எனக்கு வலதுபக்க இருக்கை. கதவு கிடையாது. என் காலுக்குக் கீழே குவாரிப் பள்ளமும் அதன் அடியில் பச்சைத் தண்ணீரும் தெரிந்தன.

"கம்பியை விடாத. நான் குதின்னா குதிச்சிரணும்" என்றார் மாமா.

"எந்தப் பக்கம் மாமா?"

அவர் கியரைப் போட்டார். வலதுபக்கம் பள்ளம், இடதுபக்கம் மாமா.

இறங்கத் தொடங்கினோம். பிரேக் நன்றாகவே பிடித்தது. அது பிடிக்கும்போதெல்லாம் என் பக்கச் சக்கரத்தில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. மாமாவின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. கடைசி வளைவில் ஏதோ கழன்று பாறையில் தெறித்து ஓடும் ஓசை கேட்டது. முன்பக்கம் என் பக்கமாக ஆடியது. அவர் குதி என்று சொல்லப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கால்சட்டை நனைந்துவிட்டது.

வண்டி சமதரையில் நின்றது. மாமா இறங்கிவந்து பார்த்தார். வலது முன்சக்கரத்தில் பாதி நட்டுகளைக் காணோம். மேலேயிருந்து முதலாளி மச்சானோடு நடந்து வந்துகொண்டிருந்தார். மாமா என்னைத் தூக்கி அந்தச் சக்கரத்தில் சாய்த்து உட்கார வைத்தார்.

"எந்திரிக்காத."

டிரம்மின் சூடு சட்டையைத் தாண்டி முதுகைச் சுட்டது. நான் அசையவில்லை.

"பய ஏன் இப்படி வேர்த்துக் கெடக்கான்?" என்றார் முதலாளி.

"வெயிலுங்க."

"ஒம் புள்ளை கெட்டிக்காரன்ப்பா" என்று என் தலையைத் தட்டிவிட்டு, நாளைக்கு ஏறுவதாகச் சொல்லிப் போனார். மாமா அன்று பொழுதோடு திருச்சிக்கு பஸ் ஏறி நீளமான போல்ட்டுகள் வாங்கிவந்து மாட்டினார். வேலை நிலைத்தது.

வீட்டில் மச்சான் அழுதுகொண்டே அத்தையிடம் முறையிட்டான். "முதலாளிகிட்ட இவந்தான் எம் புள்ளைன்னு சொல்லிட்டாரும்மா. முன்னால இவனைத்தான் ஒக்கார வச்சாரு." நட்டு தெறித்த கதையை நான் பெருமையோடு சேர்த்துச் சொன்னேன். அத்தை அகப்பையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் சோற்றோடு என் தட்டில் முழு முட்டை இருந்தது. மச்சானுக்கு இல்லை. அந்த வாரம் முழுக்க அத்தை மாமாவிடம் பேசவில்லை. பெற்ற பிள்ளையை அறைந்த கோபம் என்று நினைத்து, நானே அவளிடம் பரிந்து பேசினேன்.

"மாமா பாவம் அத்தை. என்னாலதான மச்சானை அடிச்சாரு."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓர் அறை இத்தனை நாள் வலிக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.