பதினாறாவது கை

ஜகதாம்பாள் அக்கா வீட்டுக் கதவைப் பகலில் யாரும் தட்ட முடியாது. எப்போதும் திறந்தே கிடக்கும். கொசு வரட்டும், தெருநாய் வரட்டும், திறந்தேதான். "தட்டுற சத்தம் எனக்கு ஆகாது ரெமி" என்பார்.

நான் ரெமிஜியஸ். பெங்களூரு ஓரத்து நகரசபை ஒன்றில் அட்டெண்டர். எத்தனையோ மெம்பர்களுக்கு எழுந்து நின்றிருக்கிறேன். மனசார எழுந்தது அக்காவுக்கு மட்டும்தான்.

அக்கா தள்ளுவண்டியில் துணி தேய்த்துப் பிழைத்தவர். தொண்ணூற்றொன்று டிசம்பர், காவிரிக் கலவரம். பட்டப்பகலில் அவர் கணவர் இளங்கோவன் தெருவில் மாட்டிக்கொண்டார். ஓடிப்போய், அதே தெருவில் பழகிய கன்னடக்காரர் கிருஷ்ணப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டு மாடியில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. கும்பல் வந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் பிணத்தைத்தான் கொடுத்தார்கள்.

ஒன்பது வருஷம் அக்கா கிருஷ்ணப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கிடையில் பெண்களுக்கான வார்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். கிருஷ்ணப்பாவும் மெம்பர்தான். அதிர்ந்து பேசாத மனுஷன், எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்தில் ஒரு கன்னட நடிகர் கடத்தப்பட்டபோது, தமிழர்கள் மேல் ஊர் மறுபடி சூடானது. எங்கள் சபைத் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: வார்டு வார்டாகத் தமிழர் வீடுகளை லிஸ்ட் எடுக்க வேண்டும். பாதுகாப்புக்காகவாம்! லிஸ்ட் யார் கைக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியாதா? தலைவரின் கட்சிக்காரர்களே சிலர் பயந்தார்கள். மூன்று கட்சி ஆட்கள் ரகசியமாகக் கூடி, அவரை இறக்குவது என்று முடிவு செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; இருபத்துமூன்று பேர் சபையில் பதினாறு கை உயர வேண்டும். பதினைந்து தேறியது. அடுத்த தலைவராக மூன்று கட்சியும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் கிருஷ்ணப்பா. அவர் இல்லையென்றால் கூட்டும் இல்லை. பாக்கி அக்காவின் கைதான்.

தலைவரை இறக்கும் கூட்டத்துக்கான நோட்டீஸில் கையெழுத்து வாங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கிருஷ்ணப்பா. திறந்த கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர், சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"ஜகதம்மா, நான் வேணாம்னா சொல்லிடுங்க. விலகிக்கிறேன்."

"நீ விலகினா கூட்டு உடையும், லிஸ்ட் வரும். அது தெரிஞ்சுதானே வந்திருக்க?" முன்பெல்லாம் அவரை அண்ணா என்று கூப்பிட்டவர் அக்கா.

"தெரிஞ்சுதான்மா" என்றார் அவர்.

"அன்னிக்கு உள்ளதானே இருந்த?"

"இருந்தேன்மா. ரெண்டு பொண்ணுங்களும் உள்ள இருந்தாங்க. தாழ்ப்பாள்ல கை வெச்சேன். எடுக்கல."

"எத்தனை தடவ தட்டினாரு?"

"பதினொண்ணு." யோசிக்கவே இல்லை அவர்.

அக்கா சொன்னார்: "நானும் அதான் எண்ணினேன்."

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஆளுக்கா கை தூக்கப் போறீங்க? வயிறு எரியுதுக்கா!"

"எனக்கு எரியலையாடா? லிஸ்ட் வந்தா உன் வீடும்தான் அதுல இருக்கும். உன் பொண்டாட்டி யார் வீட்டுக் கதவைத் தட்டுவா? பேனாவைக் குடு."

கையெழுத்துப் போட்டு நோட்டீஸை என்னிடம் நீட்டினார்.

ஓட்டெடுப்பு அன்று ஹால் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அதிகாரி எண்ணினார். பதினைந்து. அக்காவின் கை மடியிலேயே இருந்தது. தலைவர் சிரித்துவிட்டார். பிறகு அந்தக் கை எழுந்தது, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு. எண்ணி முடித்தும் வெகுநேரம் அது இறங்கவில்லை. லிஸ்ட் கோப்பைப் பழைய காகிதக் கட்டில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். அன்றைக்கு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கிருஷ்ணப்பா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கூட்டம், ஒரே கூச்சல். சபையை அடக்க அவர் மேஜை மேலிருந்த மரச்சுத்தியை எடுத்துத் தட்டினார். டொக், டொக், டொக்.

அக்கா எழுந்தார். விறுவிறுவென்று நடந்துவந்து, என்னைத் தள்ளிவிட்டுத் தாழை விலக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"யாருமில்லடா" என்றார் என்னிடம்.

கிருஷ்ணப்பா சுத்தியைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. நானும் அந்தக் கதவைச் சாத்துவதில்லை.