இரட்டைக்கால் படகு வாங்கிய கதை

தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நான் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். மீன் பிடிக்க அல்ல, ஆட்களை ஏற்றவும் அல்ல. உள்ளே படுத்து உறங்க இரண்டு கட்டிலும் தேநீர் வைக்க ஒரு சின்ன அடுப்பும் உள்ள படகு. எனக்குத் தெரிந்து மன்னார்த் தீவில் வேறு எவரும் அப்படி ஒன்றை வாங்கியதில்லை. வாங்காதவர்கள் புத்திசாலிகள்.

கடலில் நான் அதுவரை இரண்டு முறைதான் தூரம் போயிருந்தேன். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு அகதியாய்ப் போனது ஒன்று, திரும்பி வந்தது மற்றது. போகும்போது யாரோ ஒரு பெண்ணின் பெட்டிக்கு மேல் குந்திக்கொண்டு, தலை நிமிராமல் போனேன். என் அப்பா கடற்றொழிலாளி. நான் கந்தோர் வேலைக்குப் போனவன். ஒருமுறையாவது யாருக்கும் பயப்படாமல், எந்த அவசரமும் இல்லாமல் கடலில் போகவேண்டும் என்ற ஆசை எனக்குள் முப்பது வருடம் கிடந்தது. அதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சீதனமாக வந்த அடம்பன் வயலை விற்கலாம் என்று அவள்தான் சொன்னாள். இன்று நினைத்தால் அவள் சிரித்திருக்கலாம்.

கற்பிட்டிப் பக்கம், களப்போரம் ஒரு முற்றத்தில் இரண்டு படகுகள் விற்பனைக்கு நிற்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இரண்டும் வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனவை. நானும் மனைவியும் அவளுடைய அண்ணனும் போனோம். மச்சான் மன்னார்க் கரையில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் வேலை செய்பவர். வெடித்த வள்ளத்தை ரெசின் பசையும் ‘மாட்’ என்கிற கண்ணாடிநார்த் துணியும் வைத்து ஒட்டுவதில் அவரை விடக் கைதேர்ந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை.

முதலாவது படகு அழகானது. புது எஞ்சின், கிழியாத பாய். ஆனால் அதன் அடியில் நடுவில் ஒற்றைக் கட்டை, கீழ்நோக்கி ஒரு ஆள் உயரத்துக்கு நீண்டிருந்தது. எங்கள் கடலுக்கு அது சரிவராது. தீவின் வடக்குப் பக்கம் அரை மைல் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது. அந்தப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தால் தரை தட்டிச் சரிந்து விழும்.

இரண்டாவது, நான் வாங்கியது. அதற்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைக் கால்கள். தண்ணீர் வற்றினாலும் அந்தக் கால்களில் நிமிர்ந்து நிற்கும். நிறம் மங்கி, பாயில் ஒட்டுப் போட்டு, எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. ஆனாலும் உள்ளே இறங்கியதும் என் புத்தி போய்விட்டது. தேக்குப் பலகையில் செய்த தட்டுகள், மூடி போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள், தலைமாட்டில் வட்ட ஜன்னல். மனைவி ஒரு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மச்சான் உள்ளே வரவேயில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் படகின் அடியைத் தட்டிக்கொண்டே வந்தார். இடது கட்டைக் கால் படகின் உடம்போடு சேரும் இடத்தில் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. நனைந்த பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. பெயின்டைச் சுரண்டினார். மயிர் போல ஒரு கோடு, ஒரு முழ நீளம்.

“மச்சான், இஞ்ச பாரும். இது எப்பவோ வெடிச்சு, மேலால பூசி மறைச்சிருக்கிறாங்கள். உள்ளுக்குத் தண்ணி ஊறிப் போச்சு.”

“ஒட்டேலாதா?”

“ஒட்டலாம். ஆனா வெளியால ஒட்டி வேலையில்லை. உள்ளுக்கு இருக்கிற பலகை எல்லாத்தையும் கழட்டி, பழுதை வெட்டி எறிஞ்சு, புதுசா மாட் போடவேணும். இல்லையெண்டா விட்டிட்டு வாரும். வேற பாப்பம்.”

அந்தத் தேக்குப் பலகைகளைக் கழற்றுவதா. பிறகு அந்தப் படகில் என்ன இருக்கும்? நாளைக்கு வேறொருவர் பார்க்க வருகிறார் என்று படகை விற்றுத்தர நின்ற தரகரும் சொல்லியிருந்தார். “அவளிட்டச் சொல்லாதேங்கோ மச்சான்,” என்றேன். “வயல் வித்த காசு. பயந்திடுவா. நீங்கள் வெளியால ஒட்டித்தாங்கோ, நான் பக்குவமா வைச்சிருப்பன்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மனைவி ஏணியில் இறங்கி வந்து, “அண்ணா, என்ன சொல்றீங்கள்? வாங்கலாமோ?” என்று கேட்டாள்.

“வாங்கலாம். கொஞ்ச வேலை இருக்கு” என்றார்.

படகு லொறியில் வந்தது. மச்சான் தன் முற்றத்தில் வைத்து ஒரு மாதம் வேலை செய்தார். கூலி வாங்கவில்லை. வெளிப்புறத்தில் நான்கு படை மாட் போட்டார். இரண்டு முறை, “உள்ளுக்குக் கழட்டுவமோ?” என்று கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். கடைசி நாளில் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “ஆழத்தில ஓடும். அது தாங்கும். ஆனா தரையில மட்டும் இருத்தாதேயும்.”

தரையில் இருத்தலாம் என்பதற்காகத்தானே அந்தப் படகை வாங்கினேன்.

பதிவுக்கு அலைந்தது தனிக் கதை. மீன்பிடி வள்ளத்துக்குப் படிவம் இருந்தது, சவாரிப் படகுக்கும் இருந்தது. “மீன் பிடிக்கவும் இல்லை, ஆள் ஏத்தவும் இல்லையெண்டா, ஏன் ஐயா கடலுக்குப் போறீங்கள்?” என்று பதிவுக் கந்தோரில் ஒரு பிள்ளை கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எட்டு மாதம் கழித்து, பகலில் மட்டும், கரை தெரியும் தூரத்துக்குள் மட்டும் ஓடலாம் என்று கடிதம் வந்தது. உறங்கும் கட்டில் உள்ள படகில் உறங்க அனுமதி இல்லை.

ஆனாலும் போனோம், மூன்று பேரும். சோழகக் காற்று இன்னும் பிறக்காத மாதம். காலை முழுவதும் பாய் விரித்து ஓடினோம். அது நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மனைவி ஓடும் படகில் இறால் பொரித்தாள். மச்சான் கூடச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஏதோ பழைய கதை சொன்னார்.

மத்தியானம் ஒரு மணல்திட்டியைக் கண்டேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. “கொஞ்ச நேரம் இருத்திப் பாப்பம்” என்றேன்.

“வேண்டாம் மச்சான்.”

“ஒரு மணித்தியாலம்தானே.”

அவள் முன்னால் நின்றதால் அவர் அதற்கு மேல் பேசவில்லை. படகு மெல்ல இறங்கி நிமிர்ந்து நின்றது. சொன்னது சரிதானே என்பதுபோல் நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிற்பகல், படகு மிதக்குமளவுக்குத் தண்ணீர் திரும்ப ஏறுமுன்பே காற்று எழும்பியது. பெரிய அலை இல்லை. ஆனால் ஒவ்வொரு அலையும் படகைச் சற்றுத் தூக்கித் தரையில் குத்தியது. அடியில் மணல் என்று நான் நினைத்த இடத்தில் பவள முருகைக்கல் இருந்தது. ஐந்தாவது, ஆறாவது குத்தில் முறிகிற சத்தம் கேட்டது. தேக்குப் பலகைகளுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளித்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும் முடியவில்லை, பலகை மறைத்துக்கொண்டிருந்தது.

மச்சான் தண்ணீரில் குதித்தார். இடுப்பளவு தண்ணீர். போட்டிருந்த சேட்டைக் கழற்றி உருட்டி, வெளியிலிருந்து வெடிப்புக்குள் அடைத்தார். அடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு அலை படகைத் தூக்கிக் கீழே போட, வெடிப்பு அவர் கையோடு மூடியது. அவர் கத்தவில்லை. “மச்சான், கை” என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வந்து படகை நெம்பித் தூக்கினார்கள். மன்னார் ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மிஞ்சிய இரண்டால் தூரிகையும் உருளையும் பிடிக்க ஏலாது. அவருடைய தொழில் அன்றோடு முடிந்தது.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

மூன்றாம் நாள் வார்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மனைவி அண்ணனிடம் கேட்டாள். அவ்வளவு நாளும் அழுதுகொண்டிருந்தவளுக்கு, அழுகை முடிந்ததும் கோபம் வந்துவிட்டது. “நீங்கள்தானே தட்டிப் பாத்தனீங்கள் அண்ணா? நீங்கள்தானே வாங்கலாம் எண்டு சொன்னீங்கள்? உங்கட சொல்லை நம்பித்தானே அம்மா தந்த வயலை வித்தனான். இவருக்கு என்ன தெரியும்? கந்தோர் மனிசன்.”

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மச்சான் என்னைப் பார்க்கவேயில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, “என்ர பிழைதான்” என்றார்.

அப்போது நான் வாய் திறந்திருக்கவேண்டும். ஒரு வசனம் போதும். நான் தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனேன்.

அதன் பிறகு அவள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் மட்டும் போனேன். கோவில் வாசலில் அவர் இடது கையால் என் கையைப் பிடித்து, “தங்கச்சி சுகமோ?” என்று கேட்டார். சுகம் என்றேன். எனக்கு அவர் மேல் வெறுப்பாக இருந்தது. ஒருவன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் மற்றவன் எங்கே போய் நிற்பது?

படகை ஒருவர் உள்ளே உள்ள பலகைகளுக்காக வாங்கிப் போனார். ஒரு நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். எதுவும் உடையவில்லை. ஆணிகளை வரிசையாக ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனார்.

அன்று பின்னேரம் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். கற்பிட்டியில் அவர் சொன்னது, நான் சொல்லவேண்டாம் என்றது, தரையில் இருத்தாதே என்றது. அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையின்ர கலியாணத்துக்கு முதல் சொல்லியிருக்கலாமே” என்றாள். அவ்வளவுதான்.

கை கழுவி, சீலை மாற்றி, பஸ் எடுத்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வந்தாள். இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவாள். என்னைக் கூப்பிடுவதில்லை, போகவேண்டாம் என்றும் சொல்வதில்லை. சமைக்கிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள், மழை வரப்போகுது, உடுப்பை எடுங்கோ என்கிறாள். ஆனால் எந்த விஷயத்திலும் என் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை. போன மாதம் சமைக்கிற குசினியின் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாள். எந்தத் தகரம் நல்லது என்று அண்ணனிடம் கேட்டுத்தான் வாங்கினாள். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை.