கை இறங்கும் வரை

அக்கா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது அவளுடைய வேலைதான்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பவள். நோயாளிக்கு ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, நின்னா இறக்குங்க" என்பாள். இருபத்திரண்டு வருஷம் இதே வாக்கியம். வீட்டுக்கு வந்தால் எலக்ட்ரிக் கிட்டார். சினிமாப் பாட்டு அல்ல. இன்று உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்கள் ஒற்றைக் கிட்டாருக்கென்றே எழுதிய மேற்கத்திய செவ்வியல் இசை. மாமா, அவள் கணவர், "இது பாட்டா, மிக்சி ரிப்பேரா?" என்பார்.

"காது இருந்தாத்தானே தெரியும்" என்பாள் அக்கா.

பரிசோதனை மெஷினைத் தினமும் காலையில் தன் காதாலேயே சரிபார்ப்பது அவள் கடமை. ஒருநாள், உச்ச ஸ்தாயியில் வரும் கீச்சுச் சத்தம் மங்கிவிட்டது என்று அதைப் பழுதுபார்க்க அனுப்பினாள். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மூன்றாம் முறை மெக்கானிக் தயங்கியபடி, "மேடம், மெஷின்ல ஒண்ணுமில்லை. வேற யாரையாவது கேக்க வச்சுப் பாருங்க" என்றாராம்.

என்னைக் கேட்க வைத்தாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

அந்த வாரமே, மூன்று மாதம் தள்ளி ஒரு சின்ன அரங்கைப் பதிவு செய்தாள். வாசிக்க ஐந்து இசைத் துண்டுகள். கடைசித் துண்டு மிக உயரத்தில் ஒற்றை ஸ்வரமாக நீண்டு தேயும். முழுக்கத் தேய்ந்த பிறகே உள்ளங்கையால் தந்தியை அமர்த்த வேண்டும். அந்த முடிவு இனி அவள் காதுக்கு எட்டாது. அதை ஒரு தடவையாவது சபையில் சரியாக வாசித்துவிட வேண்டும். காது விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது, மாமாவுக்கும்.

"முன் வரிசையில உட்காரு. கேக்கிற வரைக்கும் கட்டைவிரலைத் தூக்கி வச்சிரு. நின்னதும் இறக்கு."

"பேஷண்ட் மாதிரியா?"

"பேஷண்ட் உன்னைவிடச் சொன்னபடி செய்வாங்க."

முப்பத்தொரு பேர் வந்தார்கள். நான்கு துண்டுகள் பிசகில்லாமல் போயின. கடைசி ஸ்வரம் மெலிந்துகொண்டே போயிற்று. அது முடிந்ததா, இல்லை ஸ்பீக்கரின் 'உஸ்' இரைச்சல்தான் கேட்கிறதா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கேட்கிற வரைக்கும் என்றாள், கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளங்கையைத் தந்திக்கு மேல் நிறுத்தி அவள் என் விரலையே பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். யாரும் இருமக்கூட இல்லை. கடைசியில் மாமாதான், "முடிஞ்சிருச்சா, கரண்ட் போயிருச்சா?" என்றார். அரங்கம் சிரித்தது. அவள் தந்தியை அமர்த்தினாள்.

எல்லோரும் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். "எதைடா அவ்வளவு நேரம் கேட்டே?"

"அந்த இரைச்சலைத்தான்."

"எந்த இரைச்சல்?"

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "ஆரம்பத்துலேருந்து உஸ்ஸுன்னு வருதே. இப்பக்கூட வருது. கேக்கலையா?"

அக்கா ஸ்பீக்கரைப் பார்த்தாள். "கேக்கலை."

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"கேலி பண்ணுவீங்க."

மாமா ஒயரை மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினார்.

அடுத்த வாரம், தன் காது மங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அவளே எழுதிக்கொடுத்தாள். பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். சபையில் பிறகு வாசிக்கவில்லை. வீட்டில் ஆறு வருஷம் வாசித்தாள். அந்தத் துண்டின் கடைசியில் மாமா கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்துவார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த அறையிலிருந்து உரக்கச் சொல்வார்:

"நின்னுருச்சும்மா."