என் சகலனை ஊரைவிட்டு அனுப்பியது நான்தான்

என் சகலன் சப்ரி சாய்ந்தமருதைவிட்டுப் போனதற்கு நானே காரணம். வேலை மாற்றத்தால் போனான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். இல்லை. நான் சொன்ன ஒரு பொய்!

ஐந்து ஆண்டுகளாக இதை எவரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் தெருவில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை அல்லவா?

நான் மாத்தளைக்காரன். கணித ஆசிரியனாக இங்கே வந்து, இங்கேயே மணமுடித்தேன். இவ்வூரில் பெண்பிள்ளைகள் தாய்வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தேன். முதல் வருடம் எல்லாமே கோணலாகத் தெரிந்தது. “சோறு திண்டிங்களா?” என்று மனைவியின் தாயான மாமி கேட்டபோது திகைத்துப் போனேன். எங்கள் பக்கம் மாடுதான் தின்னும்! வழியில் காண்பவரெல்லாம் “எங்க போறிங்க?” என்று கேட்பார்கள், பதிலுக்குக் காத்திராமல் போயும் விடுவார்கள். எந்தக் கதையையும், ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா... மறுகா...’ என்று சொல்லி இழுத்துக்கொண்டே போவார்கள். அது முடியவே முடியாது.

இவையெல்லாம் எப்போது எனக்கு இனிக்கத் தொடங்கின? தெரியவில்லை. ஒரு விடுமுறையில் மாத்தளைக்குப் போயிருந்தேன். இரண்டு நாள்... நான் எங்கே போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

இந்த ஊரை நேசிக்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது. சப்ரிக்கு ஆறே மாதம்!

என் மனைவியின் தங்கையை மணந்து திக்குவல்லையிலிருந்து வந்தவன் அவன். வங்கியில் வேலை. வந்த இரண்டாம் வாரமே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மீனவர்களோடு கரைவலை இழுத்தான். இவ்வூர்ப் பேச்சைத் தப்பும் தவறுமாகப் பேசினான். அண்ணனைத் தன் ஊரில் சொல்வதுபோல என்னை ‘நானா’ என்று அழைத்துவந்தவன், இங்குள்ளவர்களைப் போல ‘காக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினான்.

மாமி பூரித்துப் போனார். “இவன் நம்மட ஊரில பிறந்திரிக்க வேண்டிய புள்ள!” என்றார். அவனை ‘மனே’ என்று, பெற்ற மகனைப் போல, அழைத்தார்.

என்னை? பள்ளிப் பிள்ளைகள் அழைப்பதுபோல ‘சேர்’ என்றுதான்! பத்து வருடம் அந்த வீட்டில் உண்டு உறங்கிய மருமகனை... சேர்! மரியாதையாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது. அவனும் என்னைப்போல வந்தேறியவன்தானே? நான் முட்டிமோதி நுழைந்த வாசலில் அவன் மட்டும் எப்படிச் சிரித்துக்கொண்டே நுழைந்தான்?

ஒருநாள் மாலை அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நின்றோம்.

“காக்கா, கொழும்புக்கு மாத்தியிரிக்காங்க,” என்றான். “எனக்கு வேணாம்ண்டு எழுதிக் குடுக்கப் போறன். இஞ்சயே இரிப்பம். என்ன செல்றிங்க?”

“எழுதிக் குடுங்க,” என்றேன். “ஆனா ஒரு விசயம்... நீங்க கதைக்கிறதக் கேட்டு இவங்க பின்னால சிரிக்கிறாங்க. நீங்க நடிக்கிறிங்களாம்.”

அவன் முகம் வெளிறியது. “மாமியுமா?”

“ஓம்.”

இரண்டே எழுத்துச் சொல். அதைச் சொல்ல எனக்கு நா கூசவில்லையே!

அவனைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை. சிரித்தது என்னைப் பார்த்து. நான் வந்த முதல் வருடம், குசினியில் அடுப்படியில் நின்று மாமி என் மாத்தளைப் பேச்சைப் பேசிக் காட்ட, பெண்கள் குலுங்கிச் சிரித்ததை அறைக்குள் இருந்து கேட்டேன். எனக்குள் தைத்திருந்த அந்த முள்ளைப் பிடுங்கி அவனுக்குள் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை அவன் என்னை ‘நானா’ என்றான். கரைவலைப் பக்கம் போகவில்லை. மாற்றம் வேண்டாம் என்ற கடிதமும் எழுதவில்லை. இரண்டு மாதத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான்.

இளைய மகளுக்கென்று கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு மாமி படியில் உட்கார்ந்து அழுதார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் அவனுக்கு என்ன கொற வெச்சன், மனே?”

மனே! முதல்முறையாக என்னை! அந்தக் கணம் என் நெஞ்சில் ஓடியது என்ன தெரியுமா? மகிழ்ச்சி. மகளைப் பிரிந்து அழும் ஒரு தாயின் முன்னால் நின்றுகொண்டு... மகிழ்ச்சி! இதைவிடக் கேவலமாக எதை உங்களிடம் நான் ஒப்புக்கொள்ள முடியும்?

போனதிலிருந்து ஒரு பெருநாளுக்கும் அவன் ஊருக்கு வரவில்லை. சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மாமி போனைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “நீங்க வரச் செல்லுங்க மனே. நீங்க செல்லிக் கேக்காம இரிக்க மாட்டான்.”

சப்ரி எடுத்தான். வரச் சொன்னேன்.

“நானா... அவங்க இன்னும் சிரிக்கிறாங்களா?”

மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்.

“இப்ப இல்ல,” என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.

“என்ன கேட்டான்?” என்றார் மாமி.

“உங்கட சுகம் கேட்டான், மாமி.”

அவர் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! பெருநாளைக்கு வாறானாமா?”

“இன்ஷா அல்லாஹ்,” என்றேன்.

அவன் அப்படிச் சொல்லவே இல்லை.