வெள்ளைக்குப் பக்கத்து நிரை

சின்னராசாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய மனைவி சண்முகவடிவிடம்கூட.

நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில்தான் முதலில் வேலை பார்த்தார். அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வந்ததும் உலர்த்தும் அடுப்புக்கு அள்ள வேண்டும். மனிதர் மோந்து பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் தடுமன் பிடித்து மூக்கும் கைவிட்டது. நிறம் மாறாத இலையை அள்ளிக் கொட்டிவிட்டார். அத்தனையும் பாழ். ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் வாங்கினாரே தவிர, நிறம் தெரியாதென்று வாயைத் திறக்கவில்லை. அந்த ரோசத்தில் கொழும்புக்கு ரயிலேறி, துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். விதி சும்மா விடுமா? அங்கே அவருக்குக் கிடைத்தது வயர் வேலை.

கப்பலின் கொடிமர உச்சியில் ரேடாரின் ஸ்கேனர் சுழலும். இருட்டிலும் பனியிலும் எதிரே இருப்பதைக் கப்பலுக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான். உப்புக்காற்றில் அதன் கேபிள் முனை அரித்துப்போகும். அதை வெட்டியெறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் ஆறு வயர்களையும் புது பிளக்கின் ஆறு ஊசிகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதில் சின்னராசாவின் கை அத்தனை சுத்தம். எந்த ஊசிக்கு எந்த வயர் என்பதுதான் சிக்கல். ஆனால் கூட வேலை செய்த ஹட்டன்காரர் ரிஸ்விக்கு, நிறத்தை உரக்கச் சொல்லிச் சொல்லி வயரை எடுத்துக் கொடுக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒரு குடும்பம் பிழைக்கிறது என்பது ரிஸ்விக்கே தெரியாது.

அந்த ரிஸ்வி, தன் வாப்பாவின் கடையைப் பார்க்க ஊருக்கே போய்விட்டார். அடுத்த கப்பலில் சின்னராசா தனியாக ஏற வேண்டும். சிவப்பும் பச்சையும் மாறினால் மெஷின் கருகும், வேலை போகும். மறுபடி தோட்டத்துக்கு வந்து தூங்குமூஞ்சியாக நிற்க அவரால் முடியாது.

அதற்குமுன் லீவில் தோட்டத்துக்கு வந்தபோது பழைய கேபிள் துண்டுகள் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். லயத்து வரிசையில் தங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் வடிவு தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தாள். போன அம்மன் திருவிழாவுக்கு அவள் ஆசையாய்க் கேட்டு, அவரே கடையில் பொறுக்கியெடுத்து வந்த சிவப்புச் சேலையை உடுத்தியிருந்தாள்.

“வடிவு, வெயிலு கண்ணக் கூசுது. இதுல செவப்பு எது, பச்ச எதுன்னு சொல்லு பாப்பம்.”

அன்று வெயிலே கிடையாது. பனி கூரைமேல் உட்கார்ந்திருந்தது. வடிவு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துண்டுகளை வாங்கி, வெட்டிய முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, ரெண்டுலயும் ஒரே வரிசைதாங்க. வெள்ளையத் தொட்டுக்கிட்டு நிக்கிறது செவப்பு. கறுப்பத் தொட்டுக்கிட்டு நிக்கிறது பச்ச. தேயில மலையில நாங்க ஆளுக்கொரு நெர புடிச்சு நிக்கிற மாதிரியேதான் நிக்குதுங்க.”

“நெரயா?”

“பனி எறங்கிட்டா, வேல வாங்குற கண்டாக்கையாவுக்கு எங்க மொகம் தெரியுமா? ஆனாலும் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாரு. காளியாயிக்குப் பக்கத்து நெர நான்தான்னு அவருக்குத் தெரியும். கொழுந்தெடுக்குற நாளெல்லாம் அந்த நெரய விட்டு நான் மாற மாட்டேன்ல.”

சின்னராசா துண்டுகளை வாங்கிப் பார்த்தார். ஆமாம், வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது, கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது, வேறு நிற வயர்கள் இரண்டிலும் குழப்பமில்லை. இத்தனை வருஷம் நிறத்தையே முறைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

லீவு முடிந்து ஏறிய கப்பலின் கொடிமர உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கேபிளை வெட்டி முனையைப் பார்த்தார். வெள்ளையைத் தேடினார், குழப்பும் இரண்டில் அதைத் தொட்டு நின்ற வயரைப் பிடித்து, “காளியாயிக்குப் பக்கத்துல வடிவு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பற்றவைத்தார். ஆறையும் முடித்து இறங்கி வந்து சுவிட்சைப் போடச் சொன்னார். மேலே ஸ்கேனர் சுழன்றது. திரையில் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் அப்படியே தெரிந்தது. சின்னராசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த லீவில் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் வடிவிடம் கொட்டிவிட்டார், ஃபெக்டரியில் நடந்தது உட்பட. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“ஒனக்கு முன்னமே தெரியுமா, புள்ள?”

“சேல வாங்கியாந்த அன்னிக்கே தெரியும்.”

அவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையைப் பார்த்தார்.

“அது… பச்சயா?”

“நல்ல கிளிப்பச்ச.”

“ஊரே செவப்பும் மஞ்சளுமா நின்ன திருவிழாவுலயா இதக் கட்டிக்கிட்டு நின்ன? யாரும் கேக்கலியா?”

“கேட்டாங்க. பச்ச கட்டுறதா அம்மனுக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லிட்டேன்.”

சின்னராசா சேலையின் முனையைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்தத் தடவ கடக்காரர்கிட்டயே கேட்டு, நல்ல செவப்பா ஒண்ணு வாங்கியாறேன்.”

“வேணாங்க,” என்றாள் வடிவு, சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே. “நீங்க செவப்புன்னு சொல்லித்தானே குடுத்தீங்க. எனக்கு இந்தச் செவப்பே போதும்.”