விமானக் கம்பெனி முதலாளி பிடித்த வேன்

ராயபுரத்தில் விமானக் கம்பெனி நடத்திய ஒரே ஆள் அநேகமாக நான்தான். தலைமை அலுவலகம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள், மூலைக் கம்ப்யூட்டர். இரண்டாயிரங்களின் நடுவில், டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம். இன்டர்நெட்டில் ஓசியில் ஆடும் விளையாட்டு அது. விமானம் வாங்க வேண்டும், எந்த ஊருக்கு விடுவது என்று முடிவு செய்ய வேண்டும், அந்தத் தடத்தில் எத்தனை பேர் போவார்களோ அதற்குத் தகுந்த சீட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவிலேயே நான் இரண்டு முறை திவாலானேன்.

முதல் முறை, பேராசை. இருப்பதிலேயே பெரிய விமானத்தை வாங்கிச் சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே விட்டேன். உள்ளே ஓடிப் பிடித்து விளையாடலாம், அவ்வளவு காலி. இரண்டாம் முறை, வளர்ந்த இடத்தின் கோளாறு. துபாய்க்குக் குட்டி விமானத்தை விட்டுவிட்டு, ஜனங்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். காசிமேட்டில் கிளம்பும் ஷேர் ஆட்டோவில் மீன் கூடைகளுக்கு நடுவே, டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள் தொற்றிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 'கொஞ்சம் தள்ளி உக்காரும்மா' என்று சொல்வதற்கு அந்த விளையாட்டில் ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று உண்மையிலேயே தேடினேன். இல்லை. மிச்சக் கூட்டத்தை எல்லாம் போட்டிக் கம்பெனிக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

மூன்றாவது கம்பெனியில் ஞானம் பிறந்தது. ஒவ்வொரு தடத்திலும் தேவை எவ்வளவு என்று பார்த்து, ஒரு சீட்டு கூடாமல் குறையாமல் வைத்தேன். லாபம் கொட்டியது. முதலாளித்தனமும் கூடவே ஏறியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால்கூட எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

வீட்டில்தான் மதிப்பில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, "ஏரோப்ளேனா வாங்கிக்கினு கீறான், வூட்டுக்கு ஒரு சிலிண்டர் எட்தாந்து வெக்க மாட்டான்" என்பார். அப்போதுதான் அண்ணனுக்கு எண்ணூரில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நம் ஆட்களை அழைத்துப் போக வேன் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மற்ற யாருக்கும் நேரமில்லை என்பதுதான் காரணம். நான் அதைத் திறமைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வருகிறேன் என்றவர்களுக்குச் சீட்டு, வரவில்லை என்றவர்களுக்கு இல்லை. தெருக்கோடியில் அத்தை தனியாக இருந்தார், அப்பாவின் அக்கா. மாமா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. "மூட்டு வலி நைனா. அவ்ளோ தூரம் குந்திக்கினு வர முடியாது. நீங்க போய்ட்டு வாங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அத்தை வந்தால் பெரிய வேன் பிடிக்க வேண்டும், வராவிட்டால் சின்ன வேனே கச்சிதம். "சரி அத்தே, ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. என் மூன்றாவது கம்பெனியில்கூட இப்படி ஒரு சுத்தமான கணக்கு அமைந்ததில்லை என்று பூரித்துக்கொண்டு, நான் ஏறி, எனக்கென்று ஒதுக்கிவைத்த வாசலோர சீட்டில் உட்கார்ந்தேன்.

அப்போது அத்தை வந்தார். அரக்குப் பட்டுப் புடவை, புதுச் செருப்பு. மூட்டு வலியைக் காணோம். நான் வேன் வாசலை மறித்தபடி எழுந்து நின்று, "அத்தே, நீங்க வரலேன்னீங்களே. சீட்டு ஃபுல்லு" என்றேன்.

"அதுக்கின்னா நைனா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு அத்தை வந்த வழியே திரும்பி நடந்தார்.

அப்பா முன் சீட்டிலிருந்து குதித்து, "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே ஓடினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டேய், நீ எறங்கு. இந்த வண்டில நீ ஒருத்தன்தான் எக்ஸ்ட்ரா."

இறங்கினேன். அந்த ஃபுல்லான வேனில் அத்தை ஏறினார். பக்கத்து வீட்டு அக்கா ஏறினார். வரவே மாட்டோம் என்று சொன்ன இன்னும் இரண்டு பேர் தலை வாரியபடியே ஓடிவந்து ஏறினார்கள். யாரும் யார் மேலும் கோபப்படவில்லை. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போயே போய்விட்டது.

நான் ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போனேன். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, ஆட்டோ ஊர்ந்தது. எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றியாகிவிட்டது. அண்ணன் மோதிரம் போட்டதை நான் பார்க்கவில்லை. துக்கமாக இருந்தது, அதைவிடப் பசியாக இருந்தது.

பந்தியில் இடமில்லை. அத்தை பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி, அதன்மேல் அவர் கைப்பை. யாரோ அதில் உட்காரப் போக, "ஆளு வர்துபா, அந்தாண்ட போ" என்று சண்டைக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "மூட்டு வலின்னு நீங்கதானேத்தே சொன்னீங்க" என்றேன்.

அத்தை தன் அப்பளத்தை என் இலையில் வைத்தார். "உங்க மாமா போனதுலேர்ந்து நல்ல காரியத்துக்கு யாரு கூப்ட்டாலும் மொதல்ல வரலேன்னுதான் நைனா சொல்லுவேன். நெசமாக் கூப்புட்றவங்க இன்னொரு தபா கூப்புடுவாங்க. சும்மா கூப்ட்டவங்க வுட்ருவாங்க."

நொறுக்கிய அப்பளத்தை அப்படியே இலையில் வைத்தேன். சாம்பார் வாளியோடு வந்தவர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"நீ போடுப்பா" என்றார் அத்தை. "அவன் அப்டித்தான் சொல்வான்."