பனிமனிதனும் ஒற்றைச் சாக்ஸும்

ஆங்கில வாத்தியார் வேலையில் பாதி நேரம் பாடம் நடத்துவது, மீதி நேரம் இணையத்தில் மின்னும் பச்சைப் பொத்தான்களில் எது டவுன்லோடு, எது விளம்பரம் என்று கண்டுபிடிப்பது. உங்களுக்கும் அந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

நான் சென்னை சேலையூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு எடுக்கிறேன். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிரின்சிபல் மேடம் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, திருப்தியானால்தான் வேலை நிரந்தரம்.

சேலையூரில் கொட்டிய பனி

அழகான ஒர்க்‌ஷீட் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. 'பனி பெய்து பள்ளிக்கு விடுமுறை. உன் நாளைப் பற்றி எழுது.' ஓரத்தில் பனிமனிதன் படம். மழை வந்தால் வெள்ளம் சூழும் பள்ளிக்கரணையிலிருந்து வரும் திவ்யா எழுந்து, "மழை லீவ் எழுதட்டுமா சார்?" என்றாள். ஷீட்டில் இருப்பதையே எழுதச் சொல்லிவிட்டேன்.

வகுப்பு முழுக்க ஒரே பனிமனிதன், ஒரே கேரட் மூக்கு. திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா மிஸ் எட்டிப் பார்த்தார். "தம்பி, குல்ஃபி வண்டியைத் தவிர வேற பனி பார்க்காத பசங்க. மேடம் இதைப் பார்த்தா உனக்கு வேலை குடுப்பாங்களா?"

வழி சொன்னவர்

அடுத்து, கேட்டுப் பழக ஓர் ஆடியோ. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நூலகத்துக்கு வழி சொன்னார். திரும்பத் திரும்பப் போட்டும் ஒருவரும் நூலகம் போய்ச் சேரவில்லை. எனக்கே பாதியில் தெரு மாறிவிட்டது. கடைசி பெஞ்ச் இம்மானுவேல்தான் பாவப்பட்டுக் கேட்டான்: "இன்னா சார், யாரோ தொரத்திகினு வர மாதிரியே பேசறாரு?"

மேடம் உட்கார்ந்த நாள்

வெள்ளிக்கிழமை மேடம் வருகிறார் என்று தகவல் வந்தது. பதறிப்போய்த் தேடியதில், எந்த ஊர் டீச்சரோ போட்டிருந்த ஒரு பக்கம் கிடைத்தது. படமில்லை, விடைகளும் இல்லை. கேள்விகள் மட்டும்: காலையில் முதலில் காதில் விழுந்த சேதி என்ன? யார் சொன்னார்கள்? அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்? சின்ன வயதில் என் தாத்தா கதையை நடுவில் நிறுத்தினால் நான் நச்சரித்த கேள்விகள்தான்.

அவற்றைப் போர்டில் எழுதி, "மழை லீவே எழுதுங்க" என்றேன். கடைசி வரிசையில் மேடம்.

திவ்யா தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் படித்தாள். ஒரு காலில் சாக்ஸ் மாட்டியாயிற்று, டிவியில் இன்னும் லீவ் சொல்லவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் ஏற, அப்பாவும் அண்ணனும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கிறார்கள். லீவ் அறிவிப்பு வரும்போது இன்னொரு சாக்ஸ் தண்ணீரில் மிதந்து வாசலைத் தாண்டிவிட்டது. அவள் உட்காருவதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஆளுக்கொரு மழையோடு.

மணி அடித்ததும் மேடம் நேராக என்னிடம் வந்தார். "திங்கட்கிழமை வந்து ஆர்டர் வாங்கிக்கோங்க சார். அது இருக்கட்டும், அந்த இன்னொரு சாக்ஸ் கெடைச்சுதாமா?"

இணையம் முழுக்கத் துழாவியதில் என் வேலையைக் காப்பாற்றியவை நாலைந்து கேள்விகளும் மிதந்துபோன ஒரு சாக்ஸும்தான், நல்லவேளையாக இரண்டுமே பாஸ்வேர்டு கேட்கவில்லை.